போதகர் எழுதினால் வரலாறு ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமய வரலாற்று ஆய்வு பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குருப்பட்டம் பெற்றவர் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எழுதினாலும் அது பிரசங்கம்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். 31 வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். சும்மா இருக்க மனம் வரவில்லை.

சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர், லூத்தரன் என்ற கிறிஸ்தவ சபையின் போதகர். மதம் பரப்ப வந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தமிழர்களுக்குக் கடிதம் போட்டு, அவர்கள் வழிபாட்டைப் பற்றி அவர்களிடமே கேட்டார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதி முடித்தார். சிவனும் திருமாலும் மட்டுமல்ல. ஐயனார், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி வரை அதில் உண்டு. அந்த வழிபாட்டை ஒழிக்க அனுப்பினால் இவர் அதையே எழுதி அனுப்புகிறாரே என்று ஜெர்மனியில் ஹாலே நகரத்துச் சபைப் பெரியவர்கள் நூலை அச்சுக்கே விடவில்லை. 154 வருடம் கழித்து, 1867-இல், நம் சென்னையில்தான் அது முதன்முதலாக அச்சேறியது. பதிப்பித்த ஜெர்மான் என்பவரும் போதகரே. அது வெறும் பிரசங்கம் என்றால் சொந்தச் சபைக்காரர்களே ஏன் ஒதுக்கி வைத்தார்கள்?

கத்தோலிக்கப் பாதிரியாரான தனிநாயகம் அடிகள் 1938-இல் ரோமில் குருப்பட்டம் பெற்ற பிறகுதான் தமிழை முறையாகப் படிக்க உட்கார்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், லண்டனில் முனைவர் பட்டம், மலாயாவில் பேராசிரியர் பதவி. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த 1679-ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துகீசிய அகராதியைக் கண்டெடுத்து 1966-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அவர். லத்தீனும் போர்த்துகீசும் தெரிந்த ஒரு பாதிரியார் தேடிப் போகாமல் இருந்திருந்தால், அது இன்னும் எத்தனை காலம் அங்கேயே கிடந்திருக்குமோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பாட்டனாருடைய ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் பழைய அடக்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது. தாது வருஷப் பஞ்ச (1876–78) காலத்துப் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். இறந்தவர் பெயர், வயது, காரணம். காரணம் என்ற கட்டத்தில் அந்த ஊர்ப் போதகர் "பசி" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழும் "பசி". ஒரு பக்கம் முழுக்க அதே சொல். ஓரிடத்தில்கூட "மேற்படி" என்று போட்டு முடித்துக்கொள்ளவில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பஞ்சத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்துத்தான் கண்முன் நிற்கும்.

அந்த ஏட்டை இப்போது இராமபாணப் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. இரும்புப் பெட்டியின் அடியில், மெழுகுவர்த்திக் கட்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. இரண்டு முறை கேட்டும் படமெடுத்து வைக்க அனுமதி கிடைக்கவில்லை. கட்டுரையாளரையோ உங்கள் நிருபரையோ ஒருநாள் அனுப்புங்கள். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றால் பெட்டியைத் திறந்து கொடுப்பார்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
வேப்பேரி, சென்னை – 7