கருவேலத்தை வெட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீமைக்கருவேலம் அகற்றுவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாட்டுக் கருவேலத்தையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே பேரினம்கூட (நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழு) அல்ல.

நாம் அகேசியா என்று படித்த கருவேலமும் குடைவேலமும் இன்று வச்செல்லியா பேரினத்தில் இருக்கின்றன. 2005 வியன்னா தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டது; 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதிசெய்தது. தங்கள் மரங்களும் அந்தப் பெயரை இழந்ததில் ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்களுக்கு உள்ள வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது. சீமைக்கருவேலமோ மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் இயல்பாக வளர்வது. புரோசோபிஸ் பேரினத்தில் இருந்த அதை 2022இல் நெல்டுமா என்ற வேறு பேரினத்துக்குப் பிரித்தார்கள். நம் கோயில் வன்னி புரோசோபிஸிலேயே தங்கிவிட்டது.

இவ்வளவும் தெரியாவிட்டால் போகட்டும். கருவேலம்பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலப் பூ நீண்ட கதிர். பள்ளிக்கரணைப் பக்கம் இயந்திரம் இறக்குமுன் ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு இந்த இரண்டு படங்களையாவது காட்டலாமே? பூக்காத காலத்தில் தாவரவியல் படித்த ஒருவர் உடன் நிற்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை