'தி கல்ட்' குழு இன்னும் வாசலில்தான் நிற்கிறது

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நியமனக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன். சொல்லிவிட்டால் எனக்கு மனம் ஆறும். மற்றது உங்கள் பாடு.

முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆகிவிட்டால், ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் உங்கள் பட்டியலுக்கு ஒரு குழுவைப் பரிசீலிக்கலாம் என்பது உங்கள் விதி. இங்கிலாந்தின் ராக் குழுவான 'தி கல்ட்' அந்த எல்லையைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. 2019இல் ஒரே விழாவில் 'தி க்யூர்', 'டெஃப் லெப்பர்ட்' இரண்டையும் சேர்த்துக்கொண்டீர்கள். முன்னது சோகம் தோய்ந்த கோதிக் ராக்கின் இருட்டு, பின்னது அரங்கை அதிரவைக்கும் ஹார்ட் ராக். இரண்டும் தகுதியானவையே. ஆனால் அந்த இரண்டு உலகங்களையும் 1985இலேயே ஒரே ஆல்பத்தில் முடிச்சுப் போட்டவர்கள் எப்படி உங்கள் கண்ணில் படாமல் போனார்கள்?

'லவ்' ஆல்பத்தைத்தான் சொல்கிறேன். பத்துப் பாடல்கள், தயாரிப்பு ஸ்டீவ் பிரவுன், பிரிட்டனில் நான்காம் இடம் வரை ஏறியது. அந்தக் கணக்கெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். கோப்பில் இல்லாததைக் கேட்க 'ஷீ செல்ஸ் சாங்ச்சுவரி' பாட்டின் தொடக்கத்தை ஒருமுறை ஓடவிடுங்கள். குழுவின் கிட்டார் கலைஞர் பில்லி டஃபி விளையாட்டாக ஒரு வயலின் வில்லை எடுத்துக் கிட்டார் தந்திகளில் இழுத்து, காலடியில் கிடந்த, ஒலியை உருமாற்றும் பெடல்களை எல்லாம் மிதித்துவைத்ததில் பிறந்த ஒலி அது. அந்த மங்கலான சுழலுக்குள்ளிருந்து மெட்டு கிளம்புகிறது. ஒரு தந்தி தம்புராவைப் போல விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, மேலே விரல்கள் ஏறி இறங்குகின்றன. எதிரொலி ஒவ்வொரு சுரத்தையும் பெருக்கித் திருப்பித் தருகிறது. அவர் கையில் இருந்ததோ கிரெட்ஷ் நிறுவனத்தின் வெள்ளை நிறக் கிட்டார். உள்ளே வெற்றிடம் கொண்டது. ஒலியைக் கூட்டினால் ஊளையிடும் சாதி. ஹார்ட் ராக் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒதுங்கிப்போகும் அந்தக் கருவியை வைத்துக்கொண்டுதான் 'ஃபீனிக்ஸ்' பாட்டில் அறுபதுகளின் சைகடெலிக் எனப்படும் போதைக் கனவு போன்ற இசையின் புகையை மறுபடி கிளப்பினார்.

குழுவின் பாடகர் இயன் ஆஸ்ட்பரியின் வரிகளைத் தாளில் மட்டும் படித்தால் சில இடங்களில் சிரிப்பு வரும். மழை, ஓநாய், நிலா, கறுப்புத் தேவதை என்று அடுக்கிக்கொண்டே போவார். கனடாவில் கழிந்த பதின்பருவத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளின் பண்பாட்டின் மீது ஏற்பட்ட ஈர்ப்பு அவரை விடவே இல்லை. ஆனால் வாயைத் திறந்து பாடிவிட்டால் சிரிப்பு அடங்கிவிடும். அவர் அதை முழுக்க நம்புகிறார்; கேட்கிறவனையும் நம்பவைத்துவிடுகிறார். 'பிரதர் வுல்ஃப், சிஸ்டர் மூன்' ஆறு நிமிடங்களுக்கு மேல் ஊர்ந்து போகிறது. அவசரக்காரர்களுக்கான பாட்டு அல்ல அது.

அடுத்த ஆல்பத்துக்காக அதே ஸ்டீவ் பிரவுனோடு பதிவு செய்ததைத் தூக்கி வைத்துவிட்டு, நியூயார்க்கில் தயாரிப்பாளர் ரிக் ரூபினிடம் போனார்கள். அவர் எதிரொலியை எல்லாம் துடைத்து எடுத்து, 1987இல் 'எலெக்ட்ரிக்' வந்தது. விறைப்பான, நல்ல ஆல்பம். ஆனால் அடுத்து என்ன வரும் என்பது அதில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 'லவ்' அப்படிப் பிடிகொடுப்பதில்லை. கோதிக்கா, சைகடெலிக்கா, ஹார்ட் ராக்கா என்று அது முடிவு செய்துகொள்ளவே இல்லை. இன்றும் அது பழசாகாமல் இருப்பதற்கு அந்தப் பிடிகொடாமையே காரணம் என்பேன். உங்கள் பட்டியலில் இடம் கிடைக்காததற்கும் அதுவே காரணம் என்பது என் சந்தேகம். 2009இல் இந்த ஆல்பம் முழுவதையும் வரிசையாக மேடையில் வாசித்தபடி ஊர் ஊராகப் போனார்கள். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலும் அதில் அடக்கம்.

அடுத்த வாக்குச்சீட்டில் பெயரைச் சேருங்கள். சேர்க்கும்போது உறுப்பினர் பட்டியலில் வழக்கம்போல் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பாஸ் கிட்டார் வாசித்த ஜேமி ஸ்டூவர்ட் வேண்டும். 'பிக் கன்ட்ரி' குழுவிலிருந்து வந்து, 'சாங்ச்சுவரி' நீங்கலாக 'லவ்' ஆல்பத்தின் மற்ற பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்துக் கொடுத்த மார்க் பிரெசிக்கியை விருந்தாளி என்று தள்ளிவிட வேண்டாம். முக்கியமாக, 1992இல் காலமான நைஜல் பிரெஸ்டன். ஆல்பம் முடிவதற்குள் அவர் குழுவில் இல்லை. ஆனால் 'சாங்ச்சுவரி'யில் நாம் கேட்கும் டிரம்ஸ் அவருடையது.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ராக் ரசிகன்