எடை கூடியவன் என்பதற்காக முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை றக்பி பருவத்தில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பவன் நான். ட்ரை வைத்தது யார், பெனால்டி உதைத்தது யார் என்பதெல்லாம் விபரமாக வருகிறது. ஸ்கிரம் (அணிக்கு எட்டுப் பேர் மூன்று வரிசையாகக் குனிந்து பிணைந்து எதிரணியைத் தள்ளும் கட்டம்) சரிந்தால் மட்டும் முன்வரிசைக்குப் பலம் போதவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பாடசாலை மட்டத்தில் ஸ்கிரம் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் குனிய வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காததுதான்.

கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரி 1891இல் பாடசாலை றக்பியைத் தொடக்கி, 1906இல் ட்ரினிட்டி கல்லூரியோடு முதல் பாடசாலைப் போட்டியை ஆடியது. இவ்வளவு காலம் போன பிறகும் பல மைதானங்களில் முன்வரிசைக்கு ஆள் எடுக்கும் முறை மாறவில்லை. இருப்பவர்களில் எடை கூடியவன் யார், அவனை ப்ரொப் (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) ஆக்கு, அவ்வளவுதான். அவன் காயப்பட்டால், முன்வரிசையில் நிற்காத ஃப்ளாங்கராக ஓடிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு "இன்றைக்கு மட்டும் சமாளி" என்பார்கள். நான் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கராக ஆடியவன், இப்போது சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்கு உதவி செய்கிறேன், அப்படி அவசரத்துக்கு நிறுத்தப்பட்ட பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், எனக்கு அது கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

பின்னால் இருக்கும் ஐந்து பேரின் தள்ளு விசை முன்வரிசை மூவரின் முதுகு வழியாகத்தான் எதிரணிக்குப் போகிறது. அதனால் முதுகு தட்டையாக இருக்க வேண்டும், தோள் இடுப்பைவிடத் தாழக் கூடாது (இது ஆட்ட விதியிலேயே இருக்கிறது), நெஞ்சை முன்னே கொடுத்துக் கண் நேரே பார்க்க வேண்டும். பயத்தில் பிள்ளைகள் செய்வது இதற்கு நேர்மாறு: தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வார்கள். அப்போது கழுத்தின் இயல்பான வளைவு இல்லாமல் போகிறது. அந்த நிலையில் ஸ்கிரம் சரிந்து தலை நிலத்தில் சிக்க, நடந்தது தெரியாமல் பின்னால் உள்ளவர்கள் தொடர்ந்து தள்ளினால், அத்தனை விசையும் கழுத்து முள்ளெலும்பில்தான் இறங்கும். கை வைக்கும் இடமும் அப்படித்தான். லூஸ்ஹெட் (இடப்பக்க) ப்ரொப்பின் இடது கை எதிராளியின் வலது கைக்கு உள்ளே போய் முதுகிலோ விலாப் பக்கத்திலோ ஜெர்சியைப் பிடிக்க வேண்டும், டைட்ஹெட் (வலப்பக்க ப்ரொப்) வெளியே இருந்து பிடிக்க வேண்டும். அதைவிட்டு எதிராளியின் கையைப் பிடித்து இழுத்தால் இருவருமே கீழே போவார்கள்.

இதைப் படிப்பிக்க விலை கூடிய ஸ்கிரம் மெஷின் (தள்ளிப் பழகும் கருவி) தேவை என்று பல அதிபர்கள் நினைக்கிறார்கள். தேவையில்லை. மெஷின் நெளியாது, ஒரு பக்கம் சாயாது, எதிரே நிற்கும் ஆள் இரண்டும் செய்வான். முதலில் தனியாளாக, கைகளை ஊன்றி முழங்காலை நிலத்திலிருந்து சற்றே தூக்கி முதுகைத் தட்டையாக வைத்திருக்கப் பழக்க வேண்டும், அப்புறம் ஒருவருக்கு ஒருவர், பிறகு மூவருக்கு மூவர், ஐவருக்கு ஐவர், எல்லாம் நிலைத்த பிறகுதான் எட்டுப் பேர். ஒருவருக்கு ஒருவர் நிற்கும்போதே முதுகு வளைகிறவனை எட்டுப் பேரின் தள்ளுக்கு நடுவே விடுவது எந்த வகையில் நியாயம்?

றக்பியில் காயங்களில் பெரும்பகுதி டெக்கிளில் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதில்) தான் வருகிறது, ஸ்கிரத்தில் வருவது குறைவு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குறைவில் ஒன்று நடந்தாலும் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்க எழுந்து நடக்க முடியாமல் போகலாம். டெக்கிள் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது, ஸ்கிரம் அப்படியில்லை, நடுவர் சொல்ல, எல்லோரும் தயாராகி, நின்ற இடத்தில் தொடங்குவது. சொல்லிக் கொடுத்துத் தடுக்கக்கூடியது என்றால் முதலில் இதுதான்.

தடுக்க முடியும் என்பதற்கு நியூசிலாந்து சாட்சி. அங்கே 2001இல் எல்லாப் பயிற்றுவிப்பாளர்களும் நடுவர்களும் வருடாவருடம் கட்டாயம் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். முந்தைய வருடங்களின் கணக்குப்படி 2001 முதல் 2005 வரை ஸ்கிரத்தால் 9 கடுமையான முதுகெலும்புக் காயங்கள் எதிர்பார்க்கப்பட்டன, நடந்தது 1. விதிகளும் மாறியிருக்கின்றன. 2013இல் வந்த "க்ரவுச், பைண்ட், செட்" (குனி, பிடி, மோது) முறையில் மோதுவதற்கு முன்பே ப்ரொப்கள் பிடித்துக்கொள்வதால், மோதும் விசை கால்வாசி வரை குறைந்ததாக இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 19 வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளவும் கூடாது. அவுஸ்திரேலியாவில் முன்வரிசையில் யாராவது "மேடே" (ஆபத்து என்ற அழைப்பு) என்று கத்தினால் எல்லோரும் உடனே தள்ளுவதை நிறுத்தி, இரண்டாம் வரிசையில் நிற்கும் லொக் இருவரும் முழங்காலில் இறங்கி, மெதுவாக ஸ்கிரத்தைக் கலைக்கப் பழக்குகிறார்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, பயிற்சி நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இன்னொன்று, பயிற்சி பெற்ற முன்வரிசை வீரர் கையில் இல்லையென்றால் தள்ளாத ஸ்கிரம் ஆட விதியில் இடமிருக்கிறது. பழைய மாணவர்கள் என்ன சொல்வார்களோ என்று பல பயிற்றுவிப்பாளர்கள் அதைக் கேட்கவே தயங்குகிறார்கள். கேளுங்கள் ஐயா. அந்தப் பிள்ளையின் அம்மா அப்பாவும் பார்வையாளர் மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கல்வி அமைச்சும் றக்பி நிர்வாகமும் பருவம் தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு அணியிலும் முன்வரிசைக்கும் அதன் மாற்று வீரர்களுக்கும் யார் பயிற்சி கொடுத்தார், அவருக்கு என்ன தகுதி என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள்: சரியான முதுகு நிலை, சரியான பிடி, செய்யக் கூடாத நிலை, மூன்றையும் படத்தோடு தமிழில் போடுங்கள். அரைப் பக்கம் போதும், வெட்டி எடுத்து உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
கண்டியிலிருந்து ஒரு வாசகர்