கண்ணில் குறையில்லை, முத்தையா

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கான பணத்தை எங்கெங்கே புரட்டுவது என்று மனத்துக்குள் கூட்டிக் கழித்தபடி ஸ்கூட்டரில் வந்ததாகவும், நடுச்சாலையில் நின்ற கன்றுக்குட்டியை அதன் மேல் இடிக்கும் வரை காணவில்லை என்றும் எழுதியிருந்தாய். பார்வையில் குறையில்லை என்று கண் மருத்துவர் சொன்ன பிறகும் நீ உன்னையே வைதுகொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இத்தனை ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்துப் பிழைத்தவன் நான். ஒருமுறை ஓர் ஆண்டறிக்கையின் அட்டவணை எண்களை மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கூட்டிச் சரிபார்த்தேன். ஓர் எண்கூடத் தப்பவில்லை. ஆனால் அதே பக்கத்தின் உச்சியில், கொட்டை எழுத்தில் இருந்த தலைப்பில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை, அச்சாகி வந்த பிறகு வேறொருவர் காட்டித்தான் அறிந்தேன். தலைப்பின் மேல் என் கண் பலமுறை பட்டிருக்கும்; மனம் முழுவதும் எண்களிடம் இருந்தது.

டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வை உனக்குச் சொல்லியாக வேண்டும். சிலர் பந்தை மாற்றி மாற்றி எறியும் காணொளியைக் காட்டி, ஓர் அணியினர் எத்தனை முறை எறிகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் ஆட்டக்காரர்களுக்கு ஊடாக நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. நம் பேச்சுக்கு உரியது இதற்கு அடுத்த செய்தி: நேரே எறிந்தவற்றையும் தரையில் தட்டி எறிந்தவற்றையும் தனித்தனியாக எண்ணச் சொன்னபோது, கவனித்தவர்கள் இன்னும் குறைந்தார்கள். காட்சி மாறவில்லை, சுமை மட்டுமே கூடியது.

தேர்ந்தவர்களுக்கும் இது நேர்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், கட்டியைப் போல் 48 மடங்கு பெரிதாகப் பதித்திருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்த உருவத்தின் மீதே நிலைத்ததை விழியசைவுக் கருவி பதிவுசெய்திருந்தது.

1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. அந்த விளக்கைப் பற்றிய கவலையிலேயே விமானி அறை மூழ்கியிருந்தது. தானியங்கி உயரக் கட்டுப்பாடு விலகி 2,000 அடியிலிருந்து விமானம் மெல்லத் தாழ்ந்ததையும், எச்சரிக்கை மணி ஒலித்ததையும் உரிய நேரத்தில் யாரும் உணரவில்லை. 101 உயிர்கள் போயின. சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. இதைப் படித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே உன்னை அசட்டைக்காரன் என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். இனிமேல் கவனமாகப் பார் என்று சொல்வதிலும் பயனில்லை, ஏனெனில் நீ பார்த்துக்கொண்டுதான் வந்தாய். கணக்கைத்தான் வண்டியிலிருந்து இறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நான் வருகிறேன். இருவரும் உன் திண்ணையில் உட்கார்ந்து, மருத்துவமனைச் செலவையும் கைமாற்றையும் ஒரு தாளில் எழுதிப் போடுவோம்.

அன்புடன்,
சிதம்பரம்