நான் மூடிய குழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, "அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா, போய்த் தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மாதிரிக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வராது. சர்வீஸ் முழுக்கப் போனோடு வாழ்ந்தவனுக்கு இது வேடிக்கைதான்.

ப்ரமோஷன் லிஸ்டில் உன் பெயர் இல்லை. உன்னோடு சேர்ந்தவன் மேனேஜர் ஆகி, ஃப்ளாட்டும் வாங்கிவிட்டான். "அப்போ நான் தோத்துட்டேனாப்பா?" என்றாய்.

நான் லைன்மேனாகச் சேர்ந்த காலத்தில் போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் சைக்கிளில் போனால், மிராசுதார் வீட்டில் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். ராத்திரி 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி., அதாவது வெளியூர் போன் கட்டணம் கால்வாசி என்பதால் பூத் வாசலில் கூட்டம் நிற்கும். லைன் போய்விட்டால் என்னைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். உன் பெரியப்பா கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'டெலிபோன்ஸ்' என்று போட்டார். அப்புறம் 2000 அக்டோபரில் எங்கள் டெலிபோன் இலாகா பி.எஸ்.என்.எல். கம்பெனி ஆனது. செல்போன் வந்தது, வீடு வீடாக லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே மிராசுதாரின் மகன், "இன்னும் உங்க ஆபீஸ் இருக்கா?" என்று கேட்டான். 2020 ஜனவரி 31-ல் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருத்தன்.

இரண்டு காலத்திலும் நான் ஏறியது அதே கம்பம், பிடித்தது அதே கட்டிங் பிளையர். காபி கொடுத்ததும் நக்கல் பண்ணியதும் என் வேலையைப் பார்த்து இல்லை, ஊரில் போனுக்கு இருந்த கிராக்கியைப் பார்த்து. அதை வைத்து என்னை எடை போட்டிருந்தால் பாதி சர்வீஸ் பெரிய மனுஷன், மீதி சர்வீஸ் உதவாக்கரை.

நான் பார்த்த கணக்கு வேறு. மழையில் கேபிள் அடிபட்டால் குழி தோண்டி, தண்ணீரை இறைத்து, உள்ளே உட்கார்ந்து ஜாயின்ட் போட வேண்டும். ஈரம் புகாமல் உள்ளே ஜெல்லி அடைத்த கேபிள் என்றால் கை முழுக்கப் பிசுபிசுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அந்த வாடைதான். கம்பிகளை நிறம் பார்த்து ஜோடி ஜோடியாகச் சேர்க்க வேண்டும். வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட். அப்புறம் சிவப்போடு அதே வரிசை, பிறகு கருப்பு, மஞ்சள். ஒரு ஜோடி மாறினால் டாக்டர் வீட்டுக்கு வர வேண்டிய போன் ரைஸ் மில்லில் அடிக்கும். எல்லாம் சேர்ந்ததும் ஸ்லீவ் என்கிற உறையை மாட்டி, தீ காட்டிச் சுருக்கி, ஈரம் ஏறாமல் மூட வேண்டும். இருட்டிவிட்டது, பசிக்கிறது என்று இந்த இடத்தில் அவசரப்பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. டெஸ்ட் போனை மாட்டினால் டயல் டோன் ஜம்மென்று வரும், அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஐப்பசி மழை பிடித்து, பேசுகிறவர் காதில் கொரகொரவென்று கேட்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

நான் மூடிய குழியை அடுத்த மழைக்கு மறுபடி தோண்டக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு. யார் போட்ட ஜாயின்ட் என்பது எனக்கும் கூட இருந்த மஸ்தூருக்கும், அதாவது உதவிக்கு வந்த கூலியாளுக்கும், மட்டும்தான் தெரியும். அடைமழை ஓய்ந்து, கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் நம்ம குழி ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, இன்க்ரிமென்ட்டா?" என்பாள்.

அப்பா போதுமென்ற மனம் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறார் என்று நினைக்காதே. அதைப் பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பென்ஷன் வருகிறது, எனக்கும் வருகிறது. உனக்கு வாடகை இருக்கிறது, குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. ப்ரமோஷன் உனக்குச் சேர வேண்டியது என்றால் கேட்டு வாங்கு. தரவில்லையா, வேறு கம்பெனி பார். அது சம்பளத் தகராறு. ஜெயித்தேனா தோற்றேனா என்பதை அதோடு முடிச்சுப் போடாதே.

உன் குழி எது என்று எனக்குத் தெரியாது. உன் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி நீ சொல்வதில் பாதி எனக்குப் புரியவும் இல்லை. ஆனால் போன தீபாவளிக்கு வந்தபோது, எல்லாரும் சரி என்று விட்டுவிட்ட ஒரு தப்பை, மருந்துக் கடை பில்லில் ஒரே மாத்திரை இரண்டு தடவை ஏறுவதை, ராத்திரி உட்கார்ந்து பிடித்த கதையைச் சொன்னாய். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாய், கடைசி வரை கடிக்கவில்லை. சம்பளம் கூடிய சேதியை வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் முடித்தவள் நீ.

உன் குழி ஆபீஸ் வேலையில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உன் அம்மாவைக் கேட்டுப்பார். படுத்த படுக்கையாக இருந்த உன் அப்பாயியைக் கடைசி வரை ஒரு படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டதைத்தான் சொல்வாள். யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் நீயே சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும். என் பிடிவாதம் அது மட்டும்தான்.

மேனேஜரிடம் பேசப் போகும்போது, செய்த வேலைகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. கோபத்தில் பாதி மறந்துவிடும். அவர் என்ன சொன்னார் என்று எழுது. அப்புறம், பொங்கல் ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். போன தடவை மாதிரி வெயிட்டிங் லிஸ்டில் போய் நிற்காதே. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா