ஃபேன் இருக்கு, ஆனா ஓடல: எங்க ரிசர்ச் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எங்க டிபார்ட்மெண்ட் ரிசர்ச் கமிட்டில இருக்கிற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணில முதுகலை படிக்கிறவ. ரிசர்ச் பிளேஸ்மெண்ட்டுக்கு எனக்கு குடியாத்தம் போட்டிருந்தீங்க, வீட்ல உக்காந்து பீடி சுத்துற பொம்பளைங்கள பத்தி. ஆரம்பிச்சு பன்னெண்டு நாள் ஆச்சு. நம்ம கேள்வி ஃபார்மும், சம்மதம் வாங்குற கன்சென்ட் ஃபார்மும் அங்க ஒத்தே வரல. இத கைட் கிட்ட நேர்லயே சொல்லிருக்கலாமேன்னு கேப்பீங்க, சொன்னேன், "ரிப்போர்ட்ல லிமிடேஷன்ஸ்னு ஒரு பாரா வரும்ல, அங்க எழுதிக்கோ"ன்னுட்டாங்க. அந்த பாராவுல இது அடங்காது. அடுத்த பேட்ச் பசங்களும் படிக்கட்டும்னுதான் இங்க எழுதுறேன்.

வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழா, அது முடியிற வரைக்கும் ஊர்ல யாரும் உக்காந்து பேச மாட்டாங்கன்னு சொன்னாங்க, அதனால அதுக்கப்புறம்தான் போனேன். காட்பாடி, கே.வி.குப்பம் தாண்டி பஸ், பையில 120 செட் ஜெராக்ஸ், 42 கேள்வி, கத்திரி வெயில். இறங்கும்போதே நான் பாதி ரிசர்ச்சர் ஆயிட்ட மாதிரி ஒரு நெனப்பு வேற.

மொத வீடு. அந்த அக்கா மடியில முறம், முறத்துல தூளு, பக்கத்துல ஈரத்துணில சுத்தி வெச்ச இலை. அளவு தகட்ட இலை மேல வெச்சு கத்திரியால வெட்டுறாங்க, ஒரு சிட்டிகை தூள போட்டு உருட்டுறாங்க, நுனிய மடிச்சு விட்டு நூல சுத்துறாங்க. இவ்ளோத்தையும் கைய பாக்காம என் மூஞ்சிய பாத்துகிட்டே செய்றாங்க. நான் நாலாவது கேள்விய படிக்கிறேன், "நீங்கள் வேலைக்குச் செல்கிறீர்களா? ஆம் / இல்லை." அதுக்கு அவங்க, "இல்லமா, வீட்ல சும்மாதான் கீறேன்." சொல்லும்போதே ஒரு பீடி முடிஞ்சு முறத்துல விழுது. நான் "இல்லை"ல டிக் போட்டேன். 1966லயே பீடி சட்டம் வீட்ல சுத்துறவங்களையும் தொழிலாளின்னு ஒத்துகிச்சு, ஆனா நம்ம ஃபார்ம் இன்னும் ஒத்துக்கல சார்.

பதினேழாவது கேள்வி, "வீட்டில் மின்விசிறி உள்ளதா?" உள்ளது. ஷீட்டு போட்ட வீடு, மத்தியானம் ரெண்டு மணி, ஃபேன் தலைக்கு மேல சும்மா தொங்குது. கரண்ட் இல்லையாக்கான்னு கேட்டேன், சிரிச்சாங்க, "ஃபேன் போட்டா தூளு பறக்கும், இலை காஞ்சி உடையும், இன்னா பண்றது?" அதுக்கு கட்டம் எங்க இருக்கு? "உள்ளது"ன்னு டிக் பண்ணா, நாம டேட்டா போடுற எஸ்.பி.எஸ்.எஸ் சாஃப்ட்வேர்ல வசதியான வீடு கணக்குல போயிடும். வருமானமும் அப்டித்தான். நாம மாச சம்பளம் கேக்குறோம், அவங்க கணக்கு ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு, அதுலயும் சரியில்லன்னு கழிச்சது போக, இலை பத்தாம கைக்காசுல வாங்குனது போக. ஒரு அக்கா பத்து நிமிஷம் யோசிச்சிட்டு "நீயே ஒண்ணு போட்டுக்கோமா"ன்னாங்க. அஞ்சு பாயிண்ட் ஸ்கேல பத்தி நான் பேசவே போறதில்ல, "மிகவும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்"னு வரிசையா படிச்சதுக்கு "இதுல எது போட்டா உனக்கு மார்க்கு வரும்?"னு கேட்டாங்க.

இன்னொண்ணு, இது எனக்கே வெக்கமா இருந்துச்சு. நலத்திட்டம் பத்தி உங்களுக்கு தெரியுமான்னு நான் கேக்குறேன், அவங்க திருப்பி "எங்க பீடி கார்டுக்கு இப்ப இன்னா கெடைக்கும், நீ சொல்லு"ன்னாங்க. முழிச்சேன். ராத்திரி ரூமுக்கு வந்துதான் படிச்சேன், 1976ல பீடி மேல செஸ்னு ஒரு தனி வரி போட்டு அந்த காச நிதியாக்கி ஆஸ்பத்திரி, வீடு, பசங்க ஸ்காலர்ஷிப்புன்னு குடுத்திருக்காங்க, 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப அந்த செஸ்ஸயே எடுத்துட்டாங்க. விழிப்புணர்வு இல்லன்னு நான் யாருக்கு மார்க் போடுறது?

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது கன்சென்ட் ஃபார்ம் பத்தி. ரெண்டு பக்கம், "தன்னார்வத்துடன் பங்கேற்க இசைவளிக்கிறேன்"னு ஆரம்பிக்குது, நான் படிச்சாலே எனக்கு மூச்சு வாங்குது. கலந்துக்குறவங்களுக்கு புரியுற பாஷையில இருக்கணும்னு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐ.சி.எம்.ஆரோட 2017 வழிகாட்டுதல நீங்கதான் கிளாஸ்ல நடத்துனீங்க. ஒரு வயசானம்மா பொறுமையா கையெழுத்து போட்டுட்டு "குழு காசு எப்ப வரும்?"னு கேட்டாங்க. இது லோனுக்கு இல்லமா, படிப்புக்குன்னு வெளக்குனேன். கோவப்படல அவங்க. "போன வருசம் ஒரு பையன் இப்டித்தான் எழுதிகினு போனான், அதுக்கு முன்ன ரெண்டு பொண்ணுங்க, ஒண்ணு என்ன போட்டோ கூட புட்ச்சிகினு போச்சி. அந்த போட்டோவாவது குடுத்துருக்கலாம்"னாங்க.

வேலூர் பக்கம் சர்வேன்னா மக்களுக்கு புதுசு இல்ல. நான் தெனம் தாண்டுற கே.வி.குப்பத்துல 1977லேருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட கிராம சுகாதார, சமூகப்பணி யூனிட் ருஷா இருக்கு, அங்கயே இருந்து வேலை பாக்குறாங்க. நாம அப்டி இல்ல, இருபத்தஞ்சு நாள் போறோம், பைண்டிங் போடுறோம், வைவா முடிச்சு பிரியாணி சாப்பிட்டு கலையிறோம். பிளேஸ்மெண்ட் ஷெட்யூல திருப்பி திருப்பி பாத்தேன். கேள்விய முன்னாடியே சோதிச்சு பாக்குற பைலட்டுக்கு ஒரு நாள், டேட்டா என்ட்ரிக்கு அஞ்சு நாள், அந்த தெருவுக்கே திரும்பி போயி "நீங்க சொன்னதுல இதெல்லாம் தெரிஞ்சுதுக்கா"ன்னு சொல்றதுக்கு ஒரு நாள் கூட கெடையாது. அத சேருங்க. பைலட்ல ஒதவாதுன்னு தெரிஞ்ச கேள்விய மாத்தவும் விடுங்க, ஃபார்ம பேச்சு தமிழ்ல ஒரே பக்கமா எழுத நானே உக்காருறேன், என்கூட மூணு பேர் ரெடியா இருக்காங்க.

அந்தம்மாவ நானும் போட்டோ எடுத்தேன், கேட்டுட்டுதான் எடுத்தேன். நேத்து காட்பாடில பிரிண்ட் போட்டாச்சு, வர்ற சனிக்கிழமை குடுக்க போறேன். அன்னிக்கு டேட்டா என்ட்ரி நாள், லேப்ல இருக்கணும்னு ஷெட்யூல் சொல்லுது. எனக்கு அட்டெண்டன்ஸ் உண்டா இல்லையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.