ஆண்டு விழா மேடையில் கெண்டோ சண்டை கேட்காதீர்கள்

யாழ். குடாநாட்டுச் சனசமூக நிலையங்களின் தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாக சபை உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டதற்கு நன்றி. பத்திரிகை வாசிக்க நாலு பேரும் கரம் அடிக்க நாலு பேரும் வந்துபோன இடத்தில் இப்போது பின்னேரங்களில் கரத்தே, யோகா, நடனம் என்று ஏதாவது ஒன்று நடக்கிறது. எங்கள் ஊரில் ஏழெட்டுப் பிள்ளைகள் கெண்டோ தொடங்கியிருக்கிறார்கள். யப்பானியரின் வாள் வித்தை, ஆனால் கையில் இருப்பது மூங்கில் வாள். நான் வெளிநாட்டில் இரண்டு வருடம் அதைப் பழகிவிட்டு ஊர் திரும்பியவன். மாஸ்டர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. ஆனால் புதிதாகப் பழகுகிறவனுக்கு எங்கெங்கே அடிபடும் என்பது நன்றாகத் தெரியும். அங்கெல்லாம் எனக்கு அடிபட்டிருக்கிறது.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு கூட்டத்தில் காதில் விழுந்த பேச்சு. “மூன்று மாதமாய் மண்டபம் குடுத்திருக்கிறம், ஆண்டு விழாவுக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக் காட்டட்டுமன்” என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நடனப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், கரத்தேப் பிள்ளைகள் ஓடு உடைக்கிறார்கள், இவர்கள் மட்டும் சும்மா இருக்கலாமா? கேட்டதில் பிழையில்லை. ஆனால் கெண்டோவில் மூன்று மாதம் என்பது பிள்ளை நடக்கப் பழகும் காலம். சும்மா சொல்லவில்லை. இடது காலால் உந்தி, வலது பாதத்தைத் தரையோடு வழுக்கி முன்னே போக வேண்டும். இடது குதிக்கால் தரையில் படியாமல் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். இதற்கே வாரக்கணக்காகும். பிறகு சுபுரி, அதாவது வாளைத் தூக்கி வெறுங்காற்றை வெட்டிப் பழகுவது. கவசம் கட்டுவது பல மாதங்களுக்குப் பிறகு. அதுவரை பிள்ளை பிள்ளையை அடிப்பதில்லை. கவசம் போட்ட ஆசிரியரின் தலையில் அடிக்கும், அல்லது அவர் குறுக்கே நீட்டிப் பிடிக்கும் வாளில் அடிக்கும்.

கவசம் வந்த கதையும் இதைத்தான் காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1711 முதல் 1716 வரை யப்பானில் இருந்த ஷோத்தொக்கு காலத்தில், நாகநுமா ஷிரோசாஎமொன் குனிசாத்தோ என்ற வாள் ஆசிரியர் கவசத்தைத் திருத்தி, மூங்கில் வாளால் ஒருவரையொருவர் உண்மையாக அடித்துப் பழகும் முறையை வளர்த்தார். நன்றாக அடிக்க விரும்பியவர்கள் முதலில் கவசத்தைத்தான் கவனித்தார்கள்.

இனி அந்த மூங்கில் வாளுக்கு வருகிறேன். ஷினாய் என்பது அதன் பெயர். தூரத்தில் பார்த்தால் ஒற்றைத் தடி. கிட்டப் பார்த்தால் நாலு மூங்கில் பட்டைகள். நுனியில் ஒரு தோல் தொப்பி, பிடியில் தோல் உறை, இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு நாண், நுனியிலிருந்து கால்வாசித் தூரத்தில் ஒரு தோல் கட்டு. அடிக்கும்போது நாலு பட்டைகளும் வளைந்து கொடுத்து வேகத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் வேலியில் வெட்டிய மூங்கிலோ சிலம்பக் கம்போ இதற்கு ஈடாகாது. வளர்ந்தவர்களின் ஷினாய் 120 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும்; போட்டி விதிப்படி எடை ஆண்களுக்கு 510 கிராமுக்கும் பெண்களுக்கு 440 கிராமுக்கும் குறையக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டையானது தனியாக உண்டு. அண்ணன்ட தடியைத் தம்பி தூக்கிக்கொண்டு வந்தால் தோள்தான் போகும்.

எங்கள் பெடியன் ஒருவனுடைய ஷினாயை வாங்கிப் பார்த்தேன். ஒரு பட்டையில் விரலளவு வெடிப்பு. அதன்மேல் வடிவாகச் செலோரேப் சுற்றியிருந்தான். “இப்ப சரி அண்ணை” என்றான். சரியில்லை. ரேப் வெடிப்பை மறைக்கும், ஒட்டாது. பனஞ்சிலாகை சீவியவர்களுக்குச் சிலாம்பு என்றால் என்னவென்று தெரியும். உள்ளங்கையில் ஏறினாலே இரண்டு நாள் தூக்கமில்லை. அதே சிலாம்பு முகமூடிக் கம்பிகளின் இடைவெளியால் உள்ளே போனால் அங்கே இருப்பது கண். நுனித் தோல் கிழிந்தால் பட்டைகள் விரிந்து ஒன்று தனியாக உள்ளே நுழையலாம். முகமூடியே இல்லாமல் மேடையில் அடிபடப்போகும் பிள்ளையை யோசித்துப் பாருங்கள்.

பார்க்கும் முறை லேசு. ஒவ்வொரு நாளும் தொடங்கமுன் ஒரு பழைய சாரத் துண்டை ஷினாயின் நாலு பக்கமும் மேலும் கீழும் ஓட்ட வேண்டும். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு. சின்னதென்றால் சீவி, அரத்தாள் போட்டு, எண்ணெய் பூசலாம். பட்டை வெடித்திருந்தால் அந்தப் பட்டையை மாற்ற வேண்டும். காற்று காய்ந்து வீசும் மாதங்களில் மூங்கில் கெதியாக வெடிக்கும்.

அடுத்தது உங்கள் கையில் இருக்கிற விஷயம், தரை. யப்பானில் இது மரப்பலகைத் தரையில் வெறுங்காலோடு பழகுவது. பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நம்முடைய சீமெந்து கொடுக்காது. அடிக்கும்போது வலது காலைத் தரையில் அறைந்து முன்னே பாயும் ஃபுமிகோமியை நான் ஆசைப்பட்டுச் சீமெந்தில் செய்து பார்த்தேன். பாதம் முழுக்கப் பதிய வேண்டிய இடத்தில் குதிக்காலைக் குத்தினேன். மூன்று கிழமை கோயில் வீதியை நொண்டி நொண்டிச் சுற்றினேன். பார்த்தவர்கள் நேர்த்தி என்று நினைத்திருப்பார்கள். என்னைப்போல் நாற்பது தாண்டியவர்களுக்கு இடது குதிக்கால் நரம்பும் பயம். ஆகவே சீமெந்திலும் மாபிளிலும் வழுக்கு நடை மட்டும், பாய்ச்சல் வேண்டாம்.

மின்விசிறியை மறந்துவிட்டேன். வாளைத் தலைக்கு மேல் தூக்கினால் நுனி எங்கே போகும்? எங்கள் மண்டபத்தில் நேரே விசிறி இறக்கைக்கு. சுபுரி நடக்கும்போது நடுவிசிறி நிற்க வேண்டும்.

விசிறியை நிறுத்தினால் புழுக்கம், அதுவும் உண்மைதான். சீற் கூரைக்குக் கீழே பின்னேரம் நாலு மணி என்பது அவிச்சல். கவசம் வந்த பிறகு இது இன்னும் மோசம். முகமூடியைக் கட்டினால் வியர்வையும் துடைக்க முடியாது, தண்ணீரும் குடிக்க முடியாது. காலை ஆறரைக்கு மண்டபத்தைத் தாருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ கொடுக்கலாம். தலை சுற்றுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் முடிந்தது. 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். (காலையில் கத்துவார்களே என்று அயலார் முறையிடலாம். கெண்டோவில் கத்தாமல் அடித்தால் அடி கணக்கில்லை. கோயில் மணியோடு அதுவும் ஒரு சத்தம்.)

சரி, விழாவுக்கு என்ன செய்வது? வரிசையாக வந்து வணங்கி உட்காருவதைக் காட்டட்டும். சுபுரியைக் காட்டட்டும், எல்லோரும் ஒரே குரலில் கத்தி வெட்டினால் முன்வரிசைக் கதிரைகள் தானாகப் பின்னுக்குப் போகும். அடுத்த வருடம் மரவாளால் செய்யும் அடிப்படைப் பயிற்சிகளைக் காட்டலாம். அகில யப்பான் கெண்டோ சம்மேளனம் 2003இல் தொகுத்த ஒன்பது அவை. வாள் ஆளில் படாது. மரவாள் வளைந்து கொடுக்காது என்பதால் படவும் கூடாது. சண்டை வேண்டுமென்றால் கவசம் வாங்கிய பிறகு பார்க்கலாம். அப்போதும் தொண்டையில் குத்தும் சுகி அடி பிள்ளைகளுக்கு இல்லை.

வருகிற சனிக்கிழமை காலை எங்கள் மண்டபத்தில் நிற்பேன். எங்கள் நிர்வாக சபையில் யாராவது ஒருவர் திறப்போடு வந்தால் போதும். சாரத் துண்டும், விசிறிச் சுவிச்சுக்கு மேல் ஒட்ட எழுதிய தாளும் நான் கொண்டுவருகிறேன். செலோரேப் சுற்றிய ஷினாயை அந்தப் பெடியனிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதையும் கொண்டுவருவேன், நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மண்டபத்துக்குப் பின்வீட்டுக்காரன்